அது வாய்ப்பூட்டு இல்லை

எங்கள் நாய் புருனோ நடக்கப் போகும்போதெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு ஓடும். அதனால் தலைப்பட்டை வாங்கினேன். மூக்கைச் சுற்றிக் காதுகளுக்குப் பின்னால் மாட்டும் வார் அது. நாய் இழுத்தால் அதன் தலை நம் பக்கம் திரும்பிவிடும். வாயை மட்டும் அது கட்டாது.

மலேசியாவின் ரெங்கத்தில், எங்கள் தாமான் குடியிருப்பில் பலரும் அதை வாய்ப்பூட்டு என்றே நினைத்தார்கள். முன்பு விலகிப் போனவர்கள் அருகில் வந்து பேசினார்கள். அது எனக்குப் பிடித்திருந்ததால் யாரையும் திருத்தவில்லை.

போன ஞாயிறு மாலை, பொரித்த வாழைப்பழம் விற்கும் பீசாங் கோரேங் கடையில் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு விமலா தன் மூன்று வயது மகளிடம், "வாயக் கட்டியிருக்காங்க லா, பயப்படாம தொடு" என்றது காதில் விழுந்தது. திரும்பினேன். குழந்தை தன் கையிலிருந்த பழத்தைப் புருனோவின் மூக்கருகே நீட்டி, வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள். புருனோ உறுமியபடி வாயைத் திறந்தது.

கயிற்றை என் பக்கம் இழுத்தேன். தலை சற்றுத் திரும்பியது. பற்கள் விரல்களைத் தவறவிட்டுப் பழத்தை மட்டும் கவ்வின. குழந்தையின் விரல்களில் எச்சில் மட்டும் பட்டிருந்தது.

விமலா மகளைத் தூக்கிக்கொண்டாள். "கட்டியிருக்குன்னுதானே அங்கிள் நெனச்சேன்?"

"அது தலையத் திருப்ப மட்டும்தான்மா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

புருனோவின் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

இப்போது சட்டைப்பையில் பிஸ்கட் வைத்திருக்கிறேன். யாராவது நெருங்கினால், அவர்கள் பார்க்க ஒன்றை எடுத்துப் புருனோவுக்குக் கொடுக்கிறேன். அது வாயை அகலத் திறப்பதைக் கண்டதும் நீட்டிய கையை அவர்களே மடக்கிக்கொள்கிறார்கள்.