ஊசிக்குப் பொருந்தாத நீலச் சட்டை

தற்காலிக ஆட்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தில், ஜன்னல் ஓரமாக அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. எங்கிருந்து ஆள் கேட்டாலும் முதலில் அவள்தான் அங்கே போவாள். ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி, மூலையில் போட்டு, அரைக்கண் மூடி உட்கார்ந்துவிடுவாள். அனுப்பப்போகிறவர்களை ஒவ்வொருவராக மனத்துக்குள் அங்கே நடக்கவிடுவாள். குள்ளமானவன் மேல் தட்டுக்கு எக்குவான், பெட்டி சரியும். அவசரக்காரி ஈரத் தரையில் ஓடுவாள், வழுக்கும். கண் திறந்ததும் எழுந்து போய்த் தட்டைக் கீழே இறக்கச் சொல்வாள், தரைக்கு விரிப்புக் கேட்பாள். ஆட்கள் அவளைக் கனவக்கா என்றார்கள். சூப்பர்வைசர்கள் தூங்குமூஞ்சி என்றார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

அலுவலகம் அவளுடைய அக்கா கணவருடையது.

"வீட்டுல தூங்கினா இலவசம். நீ அங்க போய்த் தூங்க நான் பஸ் காசு குடுக்கணுமா?"

"நான் அங்க தூங்குறதாலதான் அத்தான் நீங்க வீட்டுல நிம்மதியாத் தூங்குறீங்க."

அவர்களுடைய பெரிய வாடிக்கை ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை, இவர்கள் அனுப்பும் ஆட்களுக்கு ஆரஞ்சு. அது அவள் மன்றாடி வாங்கிய ஏற்பாடு. வெட்டும் இயந்திரத்துக்குக் கைப்பழக்கம் வேண்டும். நேற்று வந்தவனை அதன் முன்னால் நிறுத்தக் கூடாது. ஆரஞ்சு நிறம் அங்கே தெரிந்தால் தூரத்தில் இருப்பவர்கூடச் சத்தம் போடலாம். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு மதியம் தொலைபேசி வந்தது. ஊசிக்குக் கை போய்விட்டது என்றார்கள்.

ஊசி, பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போகிற அளவுக்கு ஒல்லியான ஆள். பெட்டிகளை அடுக்கிக் கட்டத்தான் அவனை அனுப்பியிருந்தாள். போனது வலது கையில் இரண்டு விரல்கள். போனது வெட்டும் இயந்திரத்தில். அப்போது அவன் மேல் இருந்தது நீலச் சட்டை.

சூப்பர்வைசர் கதையைத் தயாராக வைத்திருந்தார். "முழங்கால் ஆபரேஷனுக்கு லீவுல போன ஆளோட சட்டை கொக்கியில தொங்குச்சு. இவன் எடுத்து மாட்டிக்கிட்டு மெஷின்ல போய் நின்னுட்டான். ஆரஞ்சா இருந்தா நான் விட்டிருப்பனா?"

அத்தான் தலையைப் பிடித்துக்கொண்டார். இன்சூரன்ஸ் ஆட்கள் சொன்னது இதுதான்: மேலே இருப்பவர் சொல்லி அவன் அங்கே நின்றிருந்தால் நஷ்டஈடு உண்டு, ஏமாற்றிப் போய் நின்றிருந்தால் கிடையாது. நாளை விசாரிக்க ஒருவர் வருவார். சட்டையை யார் கொடுத்தது என்று ஊசி சொல்ல வேண்டும். சொன்னால், குணமாகும்வரை சம்பளமும் போன விரல்களுக்கு ஈடும் வரும். சொல்லாவிட்டால் கட்டுக்கூட அவன் காசில்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் பச்சைத் திரைகள் மூச்சு விடுவதுபோல உப்பி இறங்கிக்கொண்டிருந்தன. மருந்து மயக்கத்தில் ஊசி தண்ணீருக்கு அடியில் கிடப்பவன் மாதிரி சிரித்தான். பக்கத்தில் அவன் மனைவி.

"தம்பி, அந்தச் சட்டையை யாரு குடுத்தா?"

"யாரு குடுக்கணும்? என் சட்டைக்கா."

"ஒன் சட்டை ஆரஞ்சு இல்லையா?"

"அது பழசு." மனைவி இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னான். "இப்ப நான் நீலம். பர்மனன்ட் பண்ணிட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். இப்போது உண்மையைச் சொல்வதைவிட விரல்களை இன்னொரு தடவை கொடுப்பது சுலபம் அவனுக்கு.

வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அரைக்கண் மூடினாள். போன வாரம் தொழிற்சாலைக்குப் போனது மிதந்து வந்தது. ஊசி ஆரஞ்சுச் சட்டையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பொத்தான்கள் ஒன்று தப்பிப் போட்டிருந்தன. தூக்கக் கலக்கம் என்று சிரித்துவிட்டு வந்தாள். இப்போது அந்தக் காட்சியைப் பின்னோக்கி நடக்கவிட்டாள். வாசலில் அவள் தலை தெரிகிறது. யாரோ விசிலடிக்கிறார்கள். ஊசி நீலத்தைக் கழற்றி எறிகிறான், ஆரஞ்சை இழுத்து மாட்டுகிறான், பொத்தான் தப்புகிறது. எத்தனையோ பேரை அந்தத் தரையில் வழுக்கி விழவிட்டுப் பார்த்தவள், ஒருவன் சட்டைக்கு ஆசைப்படுவான் என்று பார்க்கவில்லை.

பெஞ்சு அசைந்தது. ஊசியின் மனைவி.

"அக்கா, அது அவர் சட்டை இல்ல."

"ஒனக்குத் தெரியுமா?"

"துவைக்கிறவளுக்குத் தெரியாதா? இவர் மாதிரி ரெண்டு பேர் அதுக்குள்ள படுத்துப் புரளலாம். கை நுனியில தைல வாசனை வேற. எத்தனை சோப்பு போட்டாலும் போகல."

"முழங்காலுக்குத் தேச்சிருப்பாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்தாள்.

"ஏன் அவர்கிட்ட கேக்கல?"

"அந்தச் சட்டையோட வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தான் நிமிர்ந்து உக்காந்து சாப்பிட்டாரு. நீலச் சட்டைக்காரங்க கேன்டீன்ல ஜன்னல் பக்கம் உக்காருவாங்களாம். அங்கேருந்து என்னென்ன தெரியுதுன்னு ஒண்ணு விடாம சொன்னாரு. ஒரு மரம், சைக்கிள் நிறுத்துற இடம், எதிர்க் கட்டடத்துல தொங்கிக்கிட்டே கண்ணாடி துடைக்கிற ஒருத்தர். கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். தினமும் அப்படித்தான். அதை எப்படிக்கா கெடுக்கிறது?"

கனவக்கா நஷ்டஈட்டு விஷயத்தைச் சொன்னாள். ஊசியின் மனைவி புடவை முந்தியைச் சுருட்டினாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

"இந்தாங்க," என்றாள் கணவனிடம். "அந்தக் குண்டு மனுஷன் சட்டையை இனிமே நான் துவைக்கமாட்டேன். பாதி டேங்க் தண்ணியைக் குடிக்குது."

ஊசி விட்டத்தைப் பார்த்தான். திரை உப்பி இறங்கியது.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத துவையல்லேருந்து."

"சொல்லவே இல்ல?"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்."

அவன் கட்டுப்போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அப்படியே பேசினான். "சூப்பர்வைசர்தான் எறிஞ்சாரு. 'போட்டுக்கோ, நீலத்தைப் பாத்தா யாரும் கேக்கமாட்டாங்க, பர்மனன்ட்டுக்கு உன் பேரைச் சொல்றேன்'னாரு. அந்த அக்கா வந்தா மட்டும் கழட்டிடுன்னாரு."

மறுநாள் வந்த விசாரணைக்காரரிடமும் அதையே சொன்னான். சாட்சி உண்டா என்று அவர் கேட்டார். ஊசி கேன்டீன் ஜன்னலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், மரத்தில் தொடங்கி. பாதியில் அவர் பேனாவை நிறுத்தினார். "அந்த மேசையில வேற யாரெல்லாம்?"

"நீலச் சட்டைக்காரங்க எல்லாரும். எனக்கு எதிர் சீட்டு சூப்பர்வைசர்."

நீலச் சட்டைக்காரர்கள் முதலில் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒருவர், "எங்ககூடத்தான் சாப்பிட்டான், எதிர்ல இருந்தவருக்கா தெரியாது?" என்றார். அது போதுமாயிருந்தது.

நஷ்டஈடு வந்தது. தொழிற்சாலை வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டது. அத்தான் நாள் முழுக்கப் புலம்பினார்.

"சட்டையைக் கண்டுபிடிச்சது நீ. வாடிக்கை போனது எனக்கு."

"அத்தான், போன் எடுக்க ஆள் வேணும்னீங்களே. இடது கையால எடுத்தாப் பரவாயில்லையா?"

அவர் முறைத்தார். பிறகு, "எங்க உக்காருவான்?" என்றார்.

கை ஆறியதும் ஊசி வந்தான், தன் அளவுக்குச் சரியான ஒரு வெள்ளைச் சட்டையில். அவள் ஜன்னல் ஓர நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த தொழிற்சாலைக்குப் பஸ் பிடிக்கப் போனாள். இந்த முறை முக்காலியை முதலில் கேன்டீனில் போட்டாள்.