தரையில் கிடப்பதைத் தின்னாத நாய்

ஆனைகட்டியைத் தாண்டிக் கேரளப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் துணிமூட்டை, தோளில் ஒரு சாக்குப்பை. பைக்குள் நாய்களுக்காகச் செய்த உருண்டைகள். அன்று காலை விட்டுவந்த வேலையிலிருந்து நான் எடுத்துவந்தது அவ்வளவுதான்.

வேலை ஒரு நாய்ப் பண்ணையில். கோயம்புத்தூர்க்காரர்கள் வெளியூர் போகும்போது தங்கள் நாய்களை அங்கே விட்டுப்போவார்கள். அவற்றுக்குத் தின்பண்டம் செய்வது என் பொறுப்பு. கோழி ஈரலை வேகவைத்து மசித்து, ராகி மாவும் பூசணியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து ஓவனில் வாட்ட வேண்டும். உப்பு கூடாது, வெல்லம் கூடாது. பிஸ்கட் மாதிரி தட்டையாக வெட்டச் சொல்வார் முதலாளி. எனக்கு உருட்டத்தான் வரும். அன்றைக்கு ஓவனில் கொஞ்சம் அதிக நேரம் இருந்து கருத்துவிட்டன. குப்பையில் கொட்டு என்றார். ஈரலைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. வார்த்தை தடித்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஊர் ஊராக நடப்பவன் கையில் நாய்களுக்குப் போட ஏதாவது இருப்பது நல்லது. பசித்தால் நானும் தின்னலாம்.

சாலை ஒரு வாழைத்தோப்பை ஒட்டித் திரும்பும் இடத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காவலுக்கு நின்ற செவலை நாய் என்னைப் பார்த்துக் குரைத்தபடி ஓடிவந்தது. வழக்கம்போல ஓர் உருண்டையை எடுத்து அதன் முன்னால் போட்டேன்.

"தொடாத! தொடாத! ஐயோ, அவுட்டுக்காய் போடறான், ஓடி வாங்க!"

ஆடு மேய்க்கும் பெண். கையில் தொரட்டியோடு புதரிலிருந்து ஓடிவந்தார். எனக்கு அந்த வார்த்தை தெரியும். வெடிமருந்தை உருட்டி, மேலே கொழுப்பைப் பூசி, காட்டுப்பன்றி வரும் தடத்தில் போட்டுவைப்பார்கள். கடித்ததும் வாயிலேயே வெடிக்கும். பன்றிக்கு வைத்ததை நாயும் கடிக்கும், ஆடும் கடிக்கும். என் உருண்டைகள் கருப்பாக, பார்க்க அப்படியேதான் இருந்தன.

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். முதலில் வந்தவர் வாழைத்தோப்புக்காரர். வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"ஏண்டா, பட்டப்பகல்லயே போடறயா?"

"அண்ணாச்சி, அடிக்காதிய. இது நாய் திங்கிற பண்டம்."

"அண்ணாச்சியாமா! தெக்கத்திப் பேச்சாட்ட இருக்குது. இங்க என்றா சோலி உனக்கு?"

தெற்கேயிருந்து பிழைக்கப் போன குடும்பம், இடுக்கியில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் என்று சொன்னேன். அது எனக்கு ஒன்றும் உதவவில்லை. பண்ணை முதலாளிக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. அவர் எடுக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும்.

வனத்துறை வாட்சரைக் கூப்பிட்டார்கள். மலையாளி. பைக்கை நிறுத்திவிட்டு, பையைச் சாலை நடுவில் வைக்கச் சொன்னார். எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

"பன்னிப்படக்கம் அல்லெங்கில், நீயே பொட்டிச்சுக் காட்டு." அவுட்டுக்காய்க்கு மலையாளத்தில் அந்தப் பெயர்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிட்டுப் போட்டேன். ஒவ்வொரு உருண்டைக்கும் டீக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். வெடி இல்லை என்று ஆனதும் கூட்டம் கலையும் என்று நினைத்தேன்.

"அப்ப வெசம்," என்றார் தோப்புக்காரர். "நாயே தொடலை பாருங்க. அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

உண்மைதான். நாய் உருண்டையின் முன்னால் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது. ஆனால் முகத்தைத் திருப்பி வைத்திருந்தது. நான் செய்த பண்டத்தை ஒரு நாய் தொடாமல் இருந்து அதுவரை பார்த்ததில்லை. 

"ஜீப்பு வரும். பாக்கி ஸ்டேஷன்ல சொன்னா மதி, போதும்," என்றார் வாட்சர்.

அப்போது அந்தப் பெண் பேசினார். "அது வெசம்னு தொடாம இல்லீங்க. தரையில கெடந்தா எதையுமே தொடாது. நாந்தான் பழக்கி வெச்சுருக்கறேன்."

இதற்கு முன் வளர்த்த நாய் அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை பிய்ந்து செத்ததாம். அதனால் இதைக் குட்டியாக இருக்கும்போதே பழக்கினாராம். களி உருண்டைக்குள் காந்தாரி மிளகாயை அரைத்து வைத்து, மேலே கறிச்சாறு தடவி, தடத்தில் போட்டு வைப்பாராம்.

"கடிச்சுப்போட்டு ஊரைக் கூட்டுச்சு. அதுக்கப்பறம் கீழ கெடக்கறத மோந்துகூடப் பாக்காது. என்ற கையில குடுத்தாத்தான் திங்கும்."

"எங்கில் சேச்சி கையால கொடு. திங்குதான்னு நோக்காம்," என்றார் வாட்சர்.

அந்தப் பெண் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காட்டோரப் பட்டி. செந்நாய் வரும், சிறுத்தை வரும். அந்த ஆடுகளுக்கு இந்த நாயை விட்டால் காவல் இல்லை.

"அக்கா நாயி எதுக்கு? உங்க ஊட்டு நாயக் கூட்டிட்டு வாங்க," என்றார் தோப்புக்காரர் டீக்கடைக்காரரிடம்.

"என்ற நாயா? அதுக்கு ஒடம்பு செரியில்லீங்க."

"இப்பத்தான கடையில பன்னு தின்னுட்டிருந்துது?"

"அதுலதான் செரியில்லாமப் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றார்.

"நாங் கத்துனதுலதான் உனக்கு அடி விழுந்துது. என்னையப் பாத்துச் சொல்லு தம்பி. இதச் செஞ்சது ஆரு?"

"நாந்தான்க்கா."

"வேற ஆராச்சும் கை வெச்சாங்களா?"

"இல்லக்கா."

ஓர் உருண்டையின் பாதியை என்னிடம் நீட்டினார். தின்றேன். மறுபாதியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குனிந்து நாயின் வாயருகே கொண்டுபோனார். ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

அதன் பிறகுதான் பையின் நினைவு வந்தது. பண்ணைக் கொட்டகையில் ஆணியில் தொங்கிய பை. கோபத்தில் உதறிக்கூடப் பார்க்காமல் எடுத்தேன். அதற்கு மேல் பலகையில்தான் எலி மருந்துத் தூள் டப்பா இருக்கும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"கொள்ளாம், நல்ல ஆளு," என்றார் வாட்சர். தோப்புக்காரர் மறுபடி கையை ஓங்கினார்.

"உடுங்க," என்றார் அந்தப் பெண். என் பக்கம் திரும்பி, "முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"இப்பத்தான் நெனப்பு வந்துச்சுக்கா."

ஜீப் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். காலையில் நாய் எழுந்து நின்றால் நான் போகலாம், இல்லாவிட்டால் ஸ்டேஷன். வாட்சர் என் ஆதார் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். என்னை ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நாய் படுத்துவிட்டது. தண்ணீர் வைத்தும் தலையைத் தூக்கவில்லை. அது எப்போதும் அந்த நேரத்தில் படுக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் வயிறு பிசைந்தது. பசியா, மருந்தா என்று எனக்கே பிரித்துத் தெரியவில்லை. அந்தப் பெண் எனக்கும் களி வைத்தார்.

விடிந்தபோது குரைக்கும் சத்தம் கேட்டது. பட்டிக் கதவு திறந்திருந்தது. நாய் ஆடுகளை வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதன் வாயைப் பிளந்து ஈறு, நாக்கு எல்லாம் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தோப்புக்காரர் வந்து எட்டிப்பார்த்தார். "டீ குடிக்கறீங்ளா?" என்றார். நேற்று 'டா' போட்ட வாய். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

டீ குடிக்கும்போது அந்தப் பெண் கேட்டார்.

"வர்ற வழியெல்லாம் இப்படித்தான் நாயிகளுக்குக் கீழ போட்டுட்டு வந்தயா?"

"ஆமாக்கா."

"கீழ கெடக்கறது நல்லா இருக்கும்னு பழக்கி உட்டுட்டு வந்துருக்கற. நாளைக்கு அதுக எதைக் கடிக்கும்?"

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"உன்ற உருண்டை வாசத்துக்கு என்ற நாயே எச்சி ஊத்துச்சு. நாஞ் செஞ்சா அந்த வாசம் வரமாட்டீங்குது. அதனாலதான் மத்த ஊட்டு நாயிக என்ற உருண்டையைக் கடிக்காமயே போயிருதுக. நீ உருட்டிக் குடு, காந்தாரிய வெச்சு ஊரு நாயிகளையும் பழக்கிப்போடலாம்."

ஊரில் நாய் வைத்திருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ராகி மாவு கொண்டுவந்தார்கள். தோப்புக்காரர் ஈரல் வாங்கிவந்தார். கூலி மூன்று வேளைச் சாப்பாடும் பட்டியோரம் படுக்க இடமும். அன்று காலை நான் எடுத்துக்கொண்ட வேலை அதுதான். ஈரலை மசித்து, மாவைப் பிசைந்து, நடுவில் குழி பண்ணி, அரைத்த காந்தாரியை வைத்து மூடி உருட்டினேன். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கெல்லாம் எரிய ஆரம்பித்தது. கண்ணைத் தொடாமல் உருட்டிக்கொண்டே இருந்தேன்.