தங்கச்சாமி மாமாவும் இடிக்கு அசராத சூரனும்

ராஜபாளையத்தில் நாய் வெள்ளையாக இருந்தால் மரியாதை. மூக்கும் ரோஸாக இருந்தால் கூடுதல் மரியாதை. மனுசனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எங்கள் அடுத்த வீட்டுத் தங்கச்சாமி மாமா நூல் மில்லில் மிஷின் ஓட்டியவர். அவருக்காக யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அவருடைய வெள்ளை நாய் சூரன் தெருவில் வந்தால் பைக்கெல்லாம் ஒதுங்கும்.

மில்லை விட்டு நின்ற பிறகு மாமாவுக்கு ஒரே வேலை, சூரனைக் கூட்டிக்கொண்டு நடப்பது. தோப்புகளைத் தாண்டி, ஆற்றோரமாக, மலையடியில் காட்டிலாகா கேட் வரைக்கும் போவார்கள். சித்திரை வெயிலில் அதன் முதுகில் ஈரத்துண்டு கிடக்கும். சாரல் விழுந்தால் மாமா தலையில் உரச்சாக்கு ஏறும். ஐப்பசியில் இடி இடித்தால் தெருவிலுள்ள மற்ற வீர நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சூரன் மட்டும் வாசலில் நின்று, இன்னும் கிளம்பவில்லையா என்பதுபோல மாமாவைப் பார்க்கும்.

ஒரு தீபாவளிக்கு அதன் பின்னால் அணுகுண்டு வைத்துப் பார்த்தோம். ஆராய்ச்சிக்காகத்தான். வெடித்ததில் கைக்குழந்தைகள் வீறிட்டன. மாமா வீட்டு வெள்ளத்தாய் அத்தை என் பரம்பரையையே வாசலுக்கு இழுத்தாள். சூரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலில் ஒட்டிய காகிதத்தை மோந்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

“பாத்தியாலே! பட்டாளத்துக்குப் போக வேண்டியவன். ஒங்களுக்கு மத்தியில கெடந்து சீரழியுதான்” என்றார் மாமா.

மில்லுக்குள் மிஷின் சத்தத்தில் வாயால் பேசி ஒன்றும் ஆகாதாம். அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். ஆயுசில் பாதியை அப்படிக் கழித்த மாமாவுக்கு வீட்டிலும் கை நிற்காது. அத்தையிடம் காப்பி கேட்டால்கூட ஆடும். சூரனிடம் “நில்லுலே” என்பார், உள்ளங்கை தானாகக் கவிழும். “வாலே” என்பார், விரல் தானாகச் சுழலும். சூரனும் நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டேதான் போகும். பாசம் என்று நினைத்தோம். பாசமும்தான்.

போன வருசம் மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை. பஞ்சுத்தூசி நெஞ்சைக் கெடுத்துவிட்டது, இனி மழையிலும் பனியிலும் நடக்கக் கூடாது, நாயையும் வீட்டில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா தன் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அப்ப அவன யாரு கூட்டிட்டுப் போவா?” என்றாராம். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அத்தையின் அண்ணன் சேதுபதிக்குக் கான்சாபுரத்தில், மலையடியில் மாந்தோப்பு. சூரன்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மழை வெயில் பாக்காம தெனமும் மலையடிக்குக் கூட்டிட்டுப் போகணும் மச்சான். அது ஒண்ணுதான் கேக்கேன்.”

“போயிட்டாப் போச்சு மாப்ளே. பேச்சு கேப்பானா?”

“ஒரு சத்தம் போதும்” என்றார் மாமா. சத்தியமாக நம்பித்தான் சொன்னார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டதால் தெருவுக்கே கேட்டது.

“என்ன மாப்ளே, ஒன் நாய்க்கு எம்புட்டுக் கொழுப்பு! தொண்டை கிழியக் கத்துதேன், திரும்ப மாட்டேங்கான். நேத்து பின்னால டிராக்டர் வருது, ஆரன் அடிக்கான், இவன் நடுப்பாதையில நின்னு வேடிக்கை பாக்கான். மயிரிழையில தப்பிச்சான்.”

“கையக் காட்டுனீகளா மச்சான்?” என்றார் மாமா. கேட்கும்போதே அவருடைய உள்ளங்கை கவிழ்ந்திருந்தது. செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுத்த வெள்ளைக் குட்டிகளில் சிலது செவிடாகப் பிறக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எப்போதும் அடுத்த வீட்டுக் குட்டிக்குத்தான் வரும்.

“சொல்லாதிய. ஊரு பூரா சொல்லிச் சிரிப்பாரு எங்கண்ணன்” என்றாள் அத்தை.

“சொல்லாட்டி டிராக்டர் ஏறிருமே, வெள்ளத்தாயி.”

மறுநாள் மழையோடு கிளம்பிவிட்டார். துணைக்கு நான். பள்ளிக்கூடத்தில் என்னைத் தேட ஆள் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, வழியெல்லாம் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். தோப்பின் கோடியில் நின்ற சூரனைப் பார்த்து மாமா விரலைச் சுழற்றினார். சேற்றை வாரி அடித்துக்கொண்டு வந்து அவர்மேல் விழுந்தது.

“அவனுக்குக் காது கேக்காது மச்சான். எனக்கே இப்பத்தான் தெரியும். கையக் காட்டுங்க, எல்லாம் செய்வான்.”

“செவிட்டு நாயையா என் தலையில கட்டுன?” சேதுபதி சிரித்தார். தோப்பு வேலையாளைப் பார்த்து, “ஏலே, அந்தச் சங்கிலியக் கொண்டா” என்றார்.

“எதுக்கு மச்சான்?”

“பொறவு? டிராக்டர்ல அடிபடவா? கேட்டுலயே கெடக்கட்டும். பாக்க லட்சணமா இருக்கான், வாரவம் போறவம்லாம் போட்டோ எடுக்கான்.”

“மலையடிக்கு?”

“அவன் முன்னால நான் கையாட்டிக்கிட்டே போகவா? பாக்கவன் என்னையத்தான் ஊமைம்பான்.”

“அப்ப திருப்பிக் குடுத்துருங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“இந்த நெஞ்ச வச்சுக்கிட்டா? தங்கச்சிக்கு யாரு பதில் சொல்லுவா?” சங்கிலியை மாட்டிவிட்டு மாமாவின் தோளைத் தட்டினார். “கட்டிக் கெடக்கதுக்குக் காது எதுக்கு மாப்ளே?”

மாமா சூரன் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார்.

கேட்டைத் தாண்டும்போது மலைமேல் இடி இடித்தது. வேலையாள் குனிந்துகொண்டான். சூரன் சங்கிலி எட்டுமட்டும் வந்து, மாமாவின் கையையே பார்த்து நின்றது. விரல் லேசாகச் சுழன்றால் போதும், கழுத்து அறுபட இழுத்திருக்கும். மாமா இரண்டு கையையும் அக்குளுக்குள் கொடுத்து இறுக்கிக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றபோதும் அவர் கையை எடுக்கவில்லை. அவர் சட்டைப்பையில் நான்தான் கைவிட்டுக் காசெடுத்து டிக்கெட் வாங்கினேன்.