மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. நான் வேலை பார்ப்பது மங்களூரில். காங்கேயத்தில் வாக்கப்பட்டிருந்த என் அக்கா மாரடைப்பில் போய்விட்டாள் என்று அவள் கணவர் போன் செய்தார். அழுகைக்கு நடுவிலும் அவர் கேட்டது ஒன்றுதான். "எத்தன மணிக்குள்ள வந்துருவீங்க மாப்ளே?"

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அப்பா, அம்மா இல்லை. உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பும் எரியாது.

செல்போனில் மங்களூர், கோவை விமான தூரத்தைத் தேடினேன். பறக்கும் நேரம் ஒரு மணி என்று வந்தது. அதற்குமேல் ஒரு வரி படிக்கவில்லை. "மத்தியானத்துக்குள்ள வந்தர்றனுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு நண்பர் கார் சாவியோடு வந்து நின்றார். இப்போதே கிளம்பினால் நாலு மணிக்குப் போய்விடலாம் என்றார். பறக்க வழி இருக்கும்போது காரில் எவன் போவான் என்று அவரை அனுப்பிவிட்டேன். படித்த திமிர், வேறென்ன!

விமான நிலைய கவுண்ட்டரில்தான் விஷயம் தெரிந்தது. கோவைக்கு நேரடி விமானமே இல்லையாம். அந்த ஒரு மணி நேரம், இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடு போட்டுச் சொன்ன வெறும் கணக்கு. பெங்களூர் போய், அங்கே காத்துக்கிடந்து, வேறு விமானம் மாற வேண்டும். நண்பரும் அதற்குள் வேலைக்குக் கிளம்பியிருந்தார்.

பெங்களூரில் உட்கார்ந்திருந்தபோது மாமா அழைத்தார். "கோயமுத்தூர்ல எறங்கியாச்சுங்களா?"

நடந்ததை அப்படியே சொன்னேன். "செரிங்க மாப்ளே, பதறாம வாங்க" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறங்கிக் கார் பிடித்தேன். வழியில் ஒரு கடையில் புதுச்சேலை கேட்டபோது, விற்கிற பெண் சிரித்தபடி, "என்ன விசேஷமுங்க?" என்றாள். கைக்குக் கிடைத்த சேலையை எடுத்து, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காங்கேயம் சேரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பந்தல் நிறைய ஆட்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத முகங்கள். குழந்தைகள் அழுது ஓய்ந்திருந்தன. என்னால்தான் என்று எல்லோர் காலிலும் விழுந்துவிடலாம்போல் இருந்தது.

அதற்குள் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். "ஏரோப்ளேன் கோளாறுன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாவம்."

ஒன்றும் புரியாமல் மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். விமானத்தில் கோளாறு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மனைவியை நடுவீட்டில் கிடத்திவிட்டு, அவள் பிறந்த வீட்டை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று ஒரு பொய்.

கோடியைக் கோணலாகப் போர்த்தினேன். சேலையின் மறுமுனையைப் பிடித்து மாமாதான் சரிசெய்தார். இருட்டுவதற்கு முன் எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பேச்சை மாமா இதுவரை எடுத்ததே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா இப்படிப்பட்ட மனிதரோடு வாழ்ந்திருக்கிறாள் என்ற ஆறுதலும், அன்றைக்குப் போய் அவரைப் பொய் சொல்ல வைத்தேனே என்ற வெட்கமும் எனக்கு ஒன்றாகவே வருகின்றன.