கேட்டுச் சொல்பவன்

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மூவர் கலியாணமாகாதவர்கள். நான்காமவர் எங்களுக்கு மூத்தவர், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், அண்ணை என்போம். மனைவியும் பத்து வயது மகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

ஊரில் சண்டை மறுபடி தொடங்கியதும் அண்ணை முதலில் ஜெர்மன் தொலைக்காட்சியோடு கோபித்துக்கொண்டார். மாலைச் செய்தியில் பொஸ்னியா வரும், பந்தாட்டம் வரும், நாளைக்கு மழையா வெயிலா என்பது வரும். எங்கள் ஊர் வராது. "நாங்கள் செத்தாலும் உவங்களுக்குச் செய்தி இல்லையடா" என்று அணைத்தவர், பெட்டியின் மேல் ஒரு துணியையும் போட்டு மூடிவிட்டார்.

அடுத்தது கொழும்பு வானொலி. மக்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று அது சொன்ன அன்றைக்கு, மனைவியும் மகளும் வீட்டை விட்டு ஓடி ஒரு தேவாலயத்தில் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. அதோடு அதையும் விட்டார். லண்டன் வானொலி கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தது. ஒரு தரப்பு இப்படிச் சொல்கிறது, மறுதரப்பு அப்படிச் சொல்கிறது, எதையும் உறுதிப்படுத்த முடியவில்லை என்று அது முடிக்கும். "உறுதிப்படுத்த ஏலாதெண்டால் பிறகேன் வாயைத் திறக்கிறாய்?" என்று ரேடியோவை ஏசுவார். எனக்கு லண்டன்காரரில்தான் நம்பிக்கை. அந்த வீட்டில் அதைச் சொல்லிவிட்டுச் சோறு தின்ன முடியாது.

கடைசியில் எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் தொலைபேசிச் செய்தி. இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. ஓர் எண்ணை அழுத்தினால், இயக்கத்தார் நாடாவில் பதிந்து வைத்த தமிழ்ப் பெண்குரல் அன்றைய செய்தியை வாசிக்கும். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். எதிரிக்குப் பெரும் இழப்பு, எங்கள் மக்கள் உறுதியோடு இருக்கிறார்கள். தூரத்தில் இருந்து பயந்து சாகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ரிசீவரை ஒருவர்தான் காதில் வைக்கலாம் என்பதால், ஒருவர் கேட்கக் கேட்க உரத்துச் சொல்வார், மற்றவர்கள் சுற்றியிருப்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டுச் சொல்பவன் நான். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு மாலை, அந்தத் தேவாலயத்தில் குண்டு விழுந்ததாகக் குரல் சொன்னது. நானும் சொன்னேன். பிறகு இறந்தவர்களின் பெயர்களை ஊரோடு வாசித்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு பெயரில் வாய் நின்றுவிட்டது. அடுத்ததும் அண்ணை வீட்டுப் பெயர்தான். வயது பத்து.

"ஏன் நிப்பாட்டினனீ? சொல்லு."

"ஏலாது அண்ணை."

ரிசீவரைப் பறித்துக் காதில் வைத்தார். நாடா முடிந்து, முதலிலிருந்து தொடங்கி, எதிரியின் இழப்பையெல்லாம் சொல்லி, மறுபடி அந்தப் பெயர்களுக்கு வரும்வரை அசையாமல் நின்றார். அந்தக் குரலை நான் அதுவரை யாரையும் வெறுக்காத அளவுக்கு வெறுத்தேன். ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"உவையும் பொய் சொல்லத் துவங்கிட்டினம்" என்றார்.

அவர்களை அடக்கம் செய்த பாதிரியார் கொழும்புக்கு வந்து தொலைபேசியில் எங்களோடு பேசினார். பூசை ஒப்புக்கொடுத்தோம், அண்ணை வரவில்லை. ஆனால் அன்ட்ராக் விசயமாக வரச்சொல்லி அலுவலகத்தில் நாள் குறித்திருந்த டேர்மினுக்கு முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய்வந்தார். அன்று மாலையே தொலைக்காட்சியின் மேலிருந்த துணியை எடுத்தார்.

அதன் பிறகு ஒருநாளும் அந்தச் செய்தியைத் தவறவிட்டதில்லை. பொஸ்னியா, பந்தாட்டம், மழை. கடைசி மேகம் வரைக்கும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"பாத்தியே? ஒண்டும் சொல்லேல்லை."

"ஓம் அண்ணை" என்பேன்.