சுவரில் முளைத்த நெல்

என் ஆயுசில் ஊரே மூக்கில் விரலை வைத்த ஒரே சாகுபடி என் வீட்டு மேற்குச் சுவரில்தான் நடந்தது. நான் விதைக்கவில்லை. அதுவாக முளைத்தது. இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நெல் நாற்று. "வயல்ல நீங்க நட்ட நாத்துகூட இவ்வளவு நேரா நின்னதில்ல, மாப்ள" என்றார் மச்சான். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகளை எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

இன்றைக்குச் சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அந்த வாரம் எங்கள் தெருவில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி எங்கள் தெரு. குடிசைகள் எங்களுடையவை, அவை நின்ற மண் மிராசுதாருடையது. அவர் வயலில் வேலை செய்கிறவரை அவர் மனையில் இருக்கலாம். கூலி நெல்லுக்காக வாய் திறந்தால், கூரையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதனால் யாரும் சுவர் என்று ஒன்றை உருப்படியாக வைத்ததில்லை. நாலு மூங்கில் கால், சுற்றிலும் தென்னங்கீற்று, அதன்மேல் பெயருக்குக் கொஞ்சம் மண் பூச்சு. பிடுங்கச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் பிடுங்கிவிடலாம்.

அப்போதுதான் சென்னையில் புது ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனை அவனுக்கே சொந்தம். சட்டம் சென்னையில் சீக்கிரம் வந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு அது நடந்தே வர வேண்டியிருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் வீடு வீடாக வந்து பார்ப்பார், வீடு இருந்து, சட்டம் வருமுன்பே அதில் ஆள் குடியிருந்தால் பட்டா கிடைக்கும் என்றார்கள். எனக்கு ஒரே ஒரு சங்கடம். வீடு இல்லை.

இருந்தது. ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டபோது தெருவில் மற்ற குடிசைகள் சாய்ந்தன, நனைந்தன, ஒழுகின. என்னுடையது மட்டும் மொத்தமாகப் புறப்பட்டுப் போய்விட்டது. அதைக் கட்டியவன் நான் என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து நானும் என் மனைவியும் மச்சான் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம்.

மிராசுதாரின் காரியக்காரர், அதாவது அவருக்காக நிலத்தையும் ஆட்களையும் கவனித்துக்கொண்டவர், தை அறுப்பு முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டுவிட்டார். குரலில் அவ்வளவு கரிசனம்.

"ஒன் வீடுதான் போயிடுச்சேப்பா. வெறும் மேட்டுக்கு எவன் பட்டா குடுப்பான்? வாய்க்கா கரையில புறம்போக்கு கெடக்கு. போய் ஒரு கொட்டாய் போட்டுக்க."

வாய்க்கால் கரையில் போட்டால் அடுத்த ஐப்பசிக்கு நான் வீட்டோடு சேர்ந்தே கடலுக்குப் போயிருப்பேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள அங்க வீடு நிக்கணும். கீத்து வேணாம். மண்ணு. தள்ளுனா விழாத மண்ணு."

"யாரு கட்டுறது?"

"நீங்க இல்ல" என்றாள்.

மாசி மாதம் வேலையைத் தொடங்கினோம். பகலில் வயல் வேலை, வெயில் தாழ்ந்ததும் தெரு முழுக்க என் மேட்டில். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்பதுதான் கூலி. மண் எங்களுக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து முழங்கால்வரை அதில்தான் நின்றிருக்கிறோம். ஆனால் அதை நிற்கவைப்பது எப்படி என்பது மச்சானுக்குத்தான் தெரியும். கூத்தாநல்லூர்ப் பக்கம் மண் சுவர் வைக்கிறவர்களோடு சில வருஷம் கூட நின்றவர் அவர். வாய்க்காலில் தூர் வாரிப் போட்ட களிமண் மட்டும் என்றால், காய்ந்ததும் பங்குனி வயல் மாதிரி வெடித்துவிடும். அதனால் ஆற்று மணல் கலந்தோம். உமியும் நறுக்கின வைக்கோலும் போட்டுத் தண்ணீர் விட்டு, இட்லி மாவைப் போலப் புளிக்க வைத்து, பிறகு மிதித்தோம்.

"மிதிக்கச் சொன்னா மண்ணத் தடவிக் குடுக்குறீங்களே, மாப்ள. அது என்ன, அழுவுற புள்ளையா?"

"கால் வலிக்குது மச்சான்."

"அங்க பாருங்க, ஒங்க வீட்டுக்காரி மிதிக்கிறத. யார நெனச்சு மிதிக்கிறான்னு மட்டும் கேட்டுடாதீங்க."

மிதித்த மண்ணை உருண்டையாக்கிக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவோம். மச்சான் அதை ஓங்கி அறைந்து படிய வைப்பார். ஒரு முழ உயரம் ஒரு படை. அது காய்ந்து இறுகிய பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் கீழ்ப்படை வயிறு தள்ளிவிடும். இன்ஸ்பெக்டர் நாளைக்கே வந்துவிடலாம் என்றிருந்த நேரத்தில், காயட்டும் காயட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சுவர் வைத்தவர்களுக்குத்தான் தெரியும். மண்வெட்டியால் ஓரம் சீவி, மூங்கில் ஏற்றி, கூரை வேய்ந்து முடித்தபோது, கடையில் வாங்கிய சாமான் என்று அந்த வீட்டில் கயிறும் ஆணியும் தவிர எதுவுமில்லை.

வைக்கோல் என் பொறுப்பு. என்னை நம்பி அதை விட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். களத்தில் கதிர் அடிக்கும்போது, மிராசுக்கு என்றால் எங்கள் கை கொஞ்சம் மெதுவாகத்தான் விழும். தாளில் தங்கிவிடுகிற மணி வைக்கோலோடு எங்கள் வீட்டுக்கு வரும். இன்னொரு தடவை தட்டினால் ஒரு வேளைக் கஞ்சிக்கு ஆகும். இதை நாங்கள் திருட்டு என்று சொல்வதில்லை. களைப்பு என்று சொல்வோம். அந்த வருஷம் கூலித் தகராறு வேறு. களைப்பு மிக அதிகம். நானோ அவசரத்தில் அந்த இரண்டாவது தட்டலை மறந்து, வைக்கோலை அப்படியே நறுக்கிச் சேற்றில் போட்டுவிட்டேன்.

கூரை ஏறின சில நாளில், விடிந்ததும் வாசல் தெளிக்கப் போன மனைவி கூப்பிட்டாள்.

"இந்தாங்க, இங்க வந்து பாருங்க."

"என்ன, விரிசலா?"

"விரிசலா இருந்தாத் தேவலாமே."

பக்கத்து மூங்கில் புதர் நிழலில் வெயில் படாத மேற்குச் சுவரில் ஈரம் இன்னும் வற்றவில்லை. அதில் நெல் முளைத்திருந்தது. மச்சான் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "களை எடுக்க ஆள் விடணுமா, மாப்ள?" என்று கேட்டவர், அடுத்த நொடி முகம் மாறினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எத்தனை நாளாகக் குடியிருக்கிறாய் என்று கேட்க அதிகாரி வரப்போகிறார். இந்தச் சுவரோ தன் வயதைத் தானே பச்சையாக எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பிடுங்கிப் பார்த்தோம். வேரோடு மண்ணும் பெயர்ந்து குழி விழுந்தது. ஓர் ஆட்டைக் கொண்டுவந்து மேயவிட்டேன். அது ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு, மூலையில் முதுகைச் சொறிந்துகொண்டு, அந்த மூலையையும் வட்டமாக்கிவிட்டுப் போனது. என் யோசனைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். கடைசியில் வைக்கோல் கட்டுகளைச் சாய்த்துச் சுவரை மறைத்தோம்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். காரியக்காரர் குடையோடு கூடவே வந்தார். வந்தவர் நேராக மேற்குப் பக்கம் போய், குடை நுனியால் வைக்கோலைத் தள்ளினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பாத்துக்குங்க சார். இவங்க வீடுங்கிறாங்க. எனக்கு வயலாத்தான் தெரியுது."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "சுவர் புதுசா?" என்று என்னைக் கேட்டார்.

"புதுசுதாங்க. பழச மழை கொண்டுபோயிடுச்சுங்க."

"அதுக்கு முன்னாடி இங்கதான் இருந்தீங்களா?"

"பொறந்ததே இங்கதாங்க."

"தெருவே ஒரே கட்சிக் கொடி சார்" என்றார் காரியக்காரர். "ஒருத்தன் சொன்னா மத்தவன் அத்தனை பேரும் ஆமாம்பான். நாத்துக்கு வயசு பத்து நாளு. சுவருக்கும் அதே வயசு. பட்டாவுக்காகப் போட்ட செட்டு இது. இந்த மேட்டுல வீடே இருந்ததில்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அவர் எதை எழுதப்போகிறார் என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மனைவி கூரைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் காலை மிதித்தார். எனக்குச் சொன்ன மாதிரியே, தடவிக்கொடுக்காமல்.

ஜெயித்த சந்தோஷத்தில் காரியக்காரர் ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரில் நெல்மணி ஒட்டிக்கொண்டே வந்தது. அதை விரலில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"இது நம்ம களத்து நெல்லுல்ல? ஏண்டா, அடிக்கச் சொன்னா பாதிய தாள்லயே விட்டுட்டு வந்தீங்களா? பாருங்க சார் இவங்க யோக்யதய. பொங்க கழிஞ்சா வருஷா வருஷம் வைக்கோல் குடுக்குறோம் சார். கூர மாத்திக்க, சுவரு பூசிக்க. இவன் அப்பன் காலத்துலேந்து குடுக்குறோம். அதுக்குப் பண்ற காரியமா இது?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "எந்த வீட்டுக்குக் குடுக்குறீங்க?"

"இந்த வீட்டுக்குத்தான் சார். இவனுக்கு நாலு கட்டு, நானே நின்னு எண்ணிக் குடுத்தேன்."

முதலில் மச்சானுக்கு இருமல் வந்தது. அந்த இருமல் ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு தெருக்கோடிவரை போனது.

"அப்ப சுவருக்கு வயசு பத்து நாள்" என்றார் இன்ஸ்பெக்டர். "வீட்டுக்கு வயசு இவரோட அப்பா காலம். சரிதானே?"

"நான் வைக்கோலப் பத்திச் சொன்னேன் சார்."

"நானும் அதப் பத்தித்தான் எழுதுறேன்."

எழுதிக்கொண்டே என் மனைவியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் ஓடிவந்த வேகத்தில் சொம்பில் பாதி வழியிலேயே சிந்திவிட்டது. மீதியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

பட்டா கைக்கு வர இன்னும் பல மாதம் ஆனது. காரியக்காரர் மேல்முறையீடு, அது இது என்று இழுத்துப் பார்த்தார். ஆனால் தெரு அதற்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் சாயங்காலமே பக்கத்து வீட்டில் மண் புளிக்க வைத்தார்கள். கீற்றைப் பிரித்துவிட்டு ஒவ்வொரு வீடாக மண் சுவர் எழும்பியது. எல்லா வீட்டு வேலைக்கும் நானும் போனேன். வைக்கோல் பக்கம் மட்டும் என்னை யாரும் அண்டவிடவில்லை. தண்ணீர் சுமப்பதுதான் எனக்கு ஏற்ற வேலை என்று தெரு கூடி முடிவு செய்தது. அந்தச் சுவர்கள் பலவும் இன்றும் இருக்கின்றன. மேலே ஓடு வந்தது, சிமெண்ட் பூச்சு வந்தது. உள்ளே அதே மண்தான். சித்திரை வெயிலில் என் வீட்டுக்குள் நுழைகிற மாடிவீட்டுக்காரர்கள் கிளம்புவதற்கு அவசரப்படுவதில்லை.

நெல் காய்ந்து உதிர்ந்ததும், மேற்குச் சுவரைச் சாணிப்பால் பூசி மெழுகினோம். அப்போதுதான் மனைவி, "ஒரு ஜன்னல் வேணும்" என்றாள். தெருவில் அதுவரை யார் வீட்டிலும் ஜன்னல் கிடையாது. எந்தப் பக்கம் என்று மச்சான் கேட்டார். வாய்க்கால் பக்கம், காற்று வரட்டும் என்றாள். இதையாவது நான் செய்கிறேன் என்று அடம்பிடித்து மண்வெட்டியை வாங்கி, தரையில் உட்கார்ந்து வசதியாக அளந்து வெட்டினேன். வெட்டி முடித்து எழுந்து பார்த்தால் ஜன்னல் என் இடுப்புக்குக் கீழே இருந்தது.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "நின்னு பாக்கணும்னா குனியணும். வெட்டுன மண்ணு இங்கயே கெடக்கு, இப்பவே அடைச்சிடலாம்."

என் மனைவி ஜன்னலுக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள். அந்த உயரத்துக்கு வாய்க்கால் தண்ணீரும் அதற்கு அப்பால் வயலும் நன்றாகத் தெரிந்தன.

"அடைக்க வேணாம்ணே" என்றாள். "இனிமே உக்காந்துதானே பாக்கப்போறோம். எழுந்து எங்க ஓடணும்?"