கரீபியன் நாவலில் செத்துப்போன கூலி

போன வாரம் மகள் ஒரு துப்பறியும் நாவல் வாங்கித் தந்தாள். கரீபியன் தீவு ஒன்றில், வெள்ளைக்காரன் காலத்துக் கரும்புத் தோட்டத்தில் நடக்கும் கொலை. அம்பாங்கானில் என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். பாதி தாண்டவில்லை, மூடி வைத்துவிட்டேன். துப்பறிகிறவர் துரையை விசாரிக்கிறார், துரைசாணியை விசாரிக்கிறார், டாக்டர், பாதிரியார் ஒருவரையும் விடவில்லை. கூலிகளுக்கு மட்டும் ஒரே வரி. அவர்களுக்கு எதுவும் தெரியவில்லையாம்! மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் சொல்கிறேன், பங்களாவில் துரை தும்மினால், விடிந்து பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடுவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும்.

இந்த மாதிரி நாவல்கள் மேல் எனக்குக் கோபம் இன்று நேற்று வந்ததல்ல. கோபப்பட்டுக்கொண்டே தேடித்தேடிப் படிப்பதும் நான்தான். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

புதுப் புத்தகத்தில் ஒரு வாசமும் இல்லை. என் முதல் நாவலைப் பிரித்தால் புகை போட்ட ரப்பர் வாடை அடிக்கும். ரெம்பாவ் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில், கணக்கு பார்த்த கிராணி மாற்றலாகிப் போனபோது விட்டுப்போன பெட்டியில் கிடந்தது. அதுவும் கரும்புத் தீவுக் கொலைதான். ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை அம்மாவோடு பால்வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறையக் காத்திருக்கும் நேரத்தில் பெண்களுக்கு அந்தக் கதையைத் தமிழில் சொல்வேன். என் இங்கிலீசு அரைகுறை. புரியாத இடத்தில் நானே ஒரு கொலையைச் சேர்த்துவிடுவேன்.

பக்கத்து மர நிரையில் வெட்டும் மாரியாயி அக்காவுக்குக் கொலைகாரன் யார் என்ற கவலையே இல்லை.

"அந்தத் தோட்டத்துல நம்ம ஆளுங்க இருக்காங்களா பாப்பா?"

"இருக்காங்கக்கா. மெட்ராசுலேருந்து போன கூலிங்கன்னு போட்டிருக்கு."

"பேரு போட்டிருக்கா? ராமசாமின்னு?"

அக்காவின் தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில் அவர் தம்பி ராமசாமி கரும்புத் தீவுக்குக் கப்பலேறினாராம். பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்த சேதி வராதவருக்குப் படையல் இலை போடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தீபாவளிக்கு முதல் நாள் தாத்தாவுக்கு இலை விழும், அப்பாவுக்கு விழும். ராமசாமிக்குக் கிடையாது. "இத்தன வருசமா பட்டினி கெடக்குறாரு" என்பார் அக்கா.

"இது கட்டுன கதைக்கா" என்றேன்.

"கதன்னா என்னா லா? தோட்டம் நெசந்தானே, கப்பல் நெசந்தானே? தேடிப் பாரு."

தேடினேன். துரையின் நாய்க்குப் பெயர் இருந்தது. கூலிகளில் ஒருவருக்கும் இல்லை. ஒரு கூலி, இன்னொரு கூலி, ஒரு கிழட்டுக் கூலி. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கிழவர் காய்ச்சலில் செத்துக் கிடக்கிறார். துப்பறிகிறவர் அவரைத் தாண்டிப் போய்க் கொலைகாரனைப் பிடிக்கிறார். மறுநாள் அதை அப்படியே சொன்னேன். அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"யாரும் அழுவலியா?"

"ஒன்னும் எழுதலக்கா."

"அவருதான். சேதி வந்துருச்சு" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்தத் தீபாவளிக்கு மாரியாயி அக்கா வீட்டில் மூன்றாவது இலை விழுந்தது. சோறு, ஆட்டுக்கறி, புது வேட்டி, குடிப்பாரோ என்னவோ என்று ஒரு போத்தல் பீர். ராமசாமி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு அக்கா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அதன் பிறகு அக்கா தோட்டத்தில் இருந்தவரை வருடம் தவறாமல் அந்த இலை விழுந்தது.

தோட்டம் விற்றுப்போய் அங்கே இப்போது கல்வீடுகள். மகன் குடும்பத்தோடு கோலா கிளாவாங் போன அக்கா அங்கேயே காலமானார். பின்னால் மகனும் இறந்துவிட்டான். வீட்டில் இப்போது பேரன்தான் பெரியவன். புதுப் புத்தகம் கிளப்பிய எரிச்சல் அடங்காமல் அவனுக்குப் போன் போட்டேன்.

"தீபாவளிக்குப் படையல் போடுறியா தம்பி?"

"போடாம என்னா ஆன்ட்டி. பாட்டிக்கு ஒன்னு, அப்பாவுக்கு ஒன்னு."

"ராமசாமிக்கு?"

"அது யாரு ஆன்ட்டி?" என்றான்.